சுப்பராமன் வீட்டு டெலிபோனும் வெள்ளிக்கிழமை இரைச்சலும்

மயிலாப்பூரில் டெலிபோன் வைத்திருந்தவர்கள் ஏராளம். டெலிபோனுக்காகவே உயிரை வைத்திருந்தவர் சுப்பராமன் ஒருவர்தான்.

ஏதோ ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் என்ன வேலை பார்த்தார் என்பது பக்கத்து நாற்காலிக்காரருக்கும் தெரியாது. மேஜைக்கு வந்த கோப்பின் மேல் 'பார்க்கப்பட்டது' என்று எழுதி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவார். அப்படிப் பார்த்துப் பார்த்தே இரண்டு தலைமுறை அதிகாரிகளைத் தலை நரைக்க வைத்தவர். இப்பேர்ப்பட்ட மேதைக்கு ஆண்டவன் ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்? செய்தான். 1994-ல் ஒரு டெலிபோன் கொடுத்தான்.

கொஞ்சம் தாமதமாகத்தான் கொடுத்தான். விண்ணப்பம் போட்டபோது பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன மகள் வசுமதி, போன் வந்து சேர்ந்தபோது ஆழ்வார்பேட்டையில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காத்திருந்த காலத்தில் சுப்பராமன் ஒரு வேண்டுதல் செய்துகொண்டிருந்தார். போன் வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனம் சாத்திக் கற்பூரம் காட்டுவதாக. ஊர் உலகம் சரஸ்வதி பூஜையன்று வருஷத்துக்கு ஒரு தரம் சைக்கிளுக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. சுப்பராமன் ஊர் உலகத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

ஆகவே போன் ஹாலில் இருக்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் மூச்சு விட முடியாத அந்தப் பூஜை அறையில், சுவாமி படத்துக்கு நேர் கீழே அது ஸ்தாபிதம் ஆக வேண்டும். கம்பியையும் கருவியையும் எடுத்துக்கொண்டு லைன்மேன் டில்லிபாபு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைக்கப் போனார்.

"அங்கயே நில்லுப்பா! பூஜை ரூம்!"

"அஞ்சு நிமிசம் சார். மாட்டிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

"நீ வெளில ஜன்னல் பக்கமா வா. ஒயரை நீட்டு. எது எங்கேன்னு சொல்லு, நான் மாட்டறேன்."

"நீங்களா?"

"ஏன், நான் மாட்டினா பேசாதோ?"

"பேசும் சார், பேசும். உங்க போனு, உங்க செவுரு. எனக்கு இன்னா வந்துச்சி?"

குளிக்காதவன், குலம் தெரியாதவன் என்பதெல்லாம் சுப்பராமன் வாய்விட்டுச் சொல்லவில்லை. படித்தவர். ஜன்னல் கம்பி வழியாகக் காபியை மட்டும் நீட்டினார். அந்த டம்ளர் அதற்குப் பிறகு ஜன்னலோரத்திலேயே தனிக் குடித்தனம் நடத்தியது.

டில்லிபாபு காபி குடிக்கும் நேரத்தில் சுப்பராமன் தம் வாழ்நாளின் ஒரே உடலுழைப்பைச் செய்து முடித்தார். சுவரில் ஒயர் வந்து சேரும் சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று உண்டு. ஒயர் நுழைகிற ஓட்டை கீழ்ப் பக்கம் இருக்கும்படி அதைப் பொருத்த வேண்டும். சுப்பராமன் யோசித்தார். ஒயர் மேலேயிருந்து வருகிறது, ஆகவே ஓட்டையும் மேலே இருப்பதுதான் நியாயம். டப்பாவைத் தலைகீழாக முடுக்கினார். டில்லிபாபு பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். காபி சூடாக இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. எதற்குச் சந்தனம் சாத்துவது என்ற தத்துவ விசாரத்தில் சுப்பராமன் அரைமணி நேரம் ஈடுபட்டார். மேஜை மேல் இருக்கும் கருவி இங்கும் அங்கும் எடுத்துப் போகக்கூடியது, அது உற்சவர். சுவரோடு அசையாமல் இருக்கும் டப்பாதான் மூலவர். ஆகவே உற்சவருக்கு ஒரு பொட்டு, மூலவருக்கு வழிய வழியச் சந்தனம். சந்தனம் வழிந்தது. மேலே ஓட்டை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

அன்று பத்து மணிக்கு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தவருக்குக் காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. நடுவில் யாரோ அப்பளத்தை நொறுக்கினார்கள். எதிர்முனையில் பேசிய மைத்துனர் கிணற்றுக்குள் விழுந்தவர் போலக் கூப்பாடு போட்டார். சனிக்கிழமை கடுகு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பளம் நின்றது. திங்கட்கிழமை லைன் துல்லியம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கடுகு.

ஈரம் உள்ளே போனால் கொரகொரக்கும், காய்ந்தால் அடங்கும். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை, சாதாரண புத்தி போதும். ஆனால் சுப்பராமன் ஆராய்ச்சிதான் செய்தார். வெள்ளிக்கிழமையன்று சென்னையிலுள்ள சுமங்கலிகள் அத்தனை பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டு, எந்தக் கோயில், என்ன புடவை என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சின் மிச்சம் தம் ஒயரில் ஒழுகுகிறது என்று முடிவு கட்டினார்.

புகார் கொடுக்க அந்த போனிலேயே முடியாது. எனவே தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த பீர் முஹம்மதிடம் போய் வரிசையில் நிற்க நேர்ந்தது.

"சார், ஊர்ல போன் வாங்கினவன் எவனும் என் கடைப் பக்கம் திரும்பறதில்ல. போன் வாங்கினப்புறம் வர ஆரம்பிச்ச ஒரே கஸ்டமர் நீங்கதான்" என்றார் பீர் முஹம்மது.

"நான் பேச வரலை பாய். புகார் பண்ண வந்திருக்கேன்."

"அதுக்கும் பேசத்தானே வேணும் சார்?"

புகாருக்குப் பலன் இருந்தது. வெள்ளிக்கிழமை சொன்ன புகாருக்கு டில்லிபாபு செவ்வாய்க்கிழமை வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். சுப்பராமன் ரிசீவரைக் கம்பி வழியாக நீட்ட, டில்லிபாபு அதைத் தொடாமல் காதை மட்டும் நீட்டினார்.

"இன்னா சார், கண்ணாடி மாறி கீது லைனு! இதுக்குப் போயி கம்ப்ளைண்ட் குடுத்துகினு கீறீங்க."

"வெள்ளிக்கிழமை வந்து கேட்டுப் பாருய்யா!"

"வெள்ளிக்கெழம ப்ராப்ளம்னா வெள்ளிக்கெழமையே சொல்லணும் சார். செவ்வாக்கெழமைல நின்னுகினு வெள்ளிக்கெழமைய எப்டிப் பாக்கறது?"

"வெள்ளிக்கிழமைதானேய்யா சொல்றேன்! நீதான் செவ்வாக்கிழமை வரே!"

"அது எங்க டைமு சார்."

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் டில்லிபாபு ஒரு காரணம் விட்டுப்போனார். ஒரு வாரம் கடல் காத்து. ஒரு வாரம் பள்ளத்தில் தண்ணி. ஒரு வாரம் காக்கா. உள்ளே வந்து டப்பாவைத் திறந்து பார்க்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. உள்ளே வராதே என்று முதல்நாள் கேட்ட வார்த்தை அவருக்கு ஆயுசுக்கும் போதுமான சௌகரியமாக அமைந்தது. இவருடைய மடியும் அவருடைய சோம்பேறித்தனமும் ஜன்னல் கம்பியின் இரண்டு பக்கமும் நின்று கைகோத்துக்கொண்டன.

மூலவருக்குச் சந்தனம் அரைப்பது வசுமதியின் வேலை. அம்மா ஜெயலக்ஷ்மிக்கு மணிக்கட்டில் வலி. மாடியில் விழுகிற மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடி எங்கே வடியும் என்று கோடு போடுவதுதான் வசுமதிக்கு ஆபீசில் சோறு போட்டது. அவள் பூஜை அறைச் சுவரை ஒரு தரம் பார்த்தாள். சந்தனம் எந்த வழியாக ஓடி எங்கே வடிகிறது என்று தெரிந்துவிட்டது. ஒரு வாரம் அவள் சிநேகிதி கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அரைக்க ஆளில்லாமல் ஜெயலக்ஷ்மி டப்பாவுக்கு உலர்ந்த குங்குமம் மட்டும் வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை லைனில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. புகாரோடு நிற்காமல் டெலிபோன் இலாகாவுக்குத் தாம் எழுதிய மனு வேலை செய்துவிட்டது என்று சுப்பராமன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

ஊரிலிருந்து திரும்பிய வசுமதி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பா, அந்த டப்பால ஓட்டை மேல் பக்கம் இருக்கு. சந்தனம் உள்ள போயிடறது."

"போகட்டுமே! சுவாமிக்குச் சாத்தற சந்தனம் சுவாமிகிட்டப் போகாம பின்ன உன் ஆபீசுக்கா போகும்?"

"அதில்லைப்பா, ஈரம் பட்டா..."

"நீ படிச்சது வீடு கட்டற படிப்பு. இது டெலிபோன். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. போன வாரம் நீ இல்லாம மூலவருக்குச் சந்தனமே இல்லை. அதுக்கும் சேர்த்து இந்த வாரம் நிறைய அரை."

உண்மையை ஒரு தரம் சொல்வது அந்த வீட்டில் பேச்சு. இரண்டாம் தரம் சொன்னால் எதிர்ப்பேச்சு. வசுமதி நல்ல பெண். பேசாமல் நிறைய அரைத்தாள்.

இந்த நிலையில்தான் நங்கநல்லூரிலிருந்து கல்யாணராமன் என்பவர் தம் மகன் ஜெயராமோடு பெண் பார்க்க வந்தார். சுப்பராமனை இரண்டாக வெட்டி ஒரு பாதிக்கு மீசை வைத்தால் கல்யாணராமன். அவர் வீட்டிலும் போன் இருந்தது. இரண்டு மேதைகளும் ஜாதகத்தைப் பற்றி ஐந்து நிமிஷமும் தத்தம் டெலிபோன்களைப் பற்றி ஒரு மணி நேரமும் பேசினார்கள். ஜெயராம் சொஜ்ஜி, பஜ்ஜி இருந்த தட்டைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தட்டு காலியான பிறகு நிமிர்ந்து, "பஜ்ஜில உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றான். அந்தச் சம்பந்தத்தில் மாப்பிள்ளைப் பையன் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

"எங்காத்துல பொம்மனாட்டிகள் வேலைக்குப் போற வழக்கமில்லை. பெரியவா காலத்துலேர்ந்து அப்படி. நிச்சயம் ஆனதும் ராஜினாமா எழுதிக் குடுத்துடட்டும்" என்றார் கல்யாணராமன்.

"அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு!" என்றார் சுப்பராமன். எழுத வேண்டியவள் காபித் தட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வசுமதிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அவள் போட்ட கோட்டுப்படி அடையாற்றில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்ப்பாள். மாடிப்படி வந்துவிட்டது. இனிமேல் ஜன்னல். அந்த ஜன்னலைப் பார்க்காமல் நங்கநல்லூரில் உட்கார்ந்து பஜ்ஜிக்கு உப்பு அளந்து போடுவதா? மாட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டில் ஒரு பெண் மாட்டேன் என்றால் அப்பாவுக்கு நெஞ்சு வலியும் அம்மாவுக்கு அழுகையும் வந்து, கடைசியில் ராகு கேது பரிகாரம் நடக்கும். பெண் சம்மதித்தாளா என்று பிற்பாடு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கிளம்பும்போது கல்யாணராமன் வழக்கமான வார்த்தையைச் சொன்னார். "ஆத்துக்குப் போய்க் கலந்துண்டு லெட்டர் போடறோம்."

சுப்பராமன் பதறிப்போனார். "லெட்டரா? போன் இருக்கறச்சே லெட்டர் எதுக்கு? போன் பண்ணுங்கோ!"

"பண்ணிட்டாப் போச்சு. ஆனா ஒண்ணு. நல்ல சேதியை வெள்ளிக்கிழமை காலம்பற, ராகு காலத்துக்கு முன்னாடிதான் வாய்விட்டுச் சொல்றது எங்காத்து வழக்கம். மத்த நாள்ல சொல்ல மாட்டேன்."

"பேஷ்! நானும் வேற நாள்ல கேக்க மாட்டேன்!"

உள்ளே வசுமதி காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டென்று கையை நிறுத்தினாள். பிறகு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மிச்சத்தைக் கழுவி முடித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் விடியும் முன்பே தலைக்குக் குளித்துவிட்டுச் சந்தனக் கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். தண்ணீரைத் தாராளமாகவே விட்டாள். மகளின் பக்தியைப் பார்த்து சுப்பராமனுக்குக் கண் கலங்கியது. "ஜெயா, பாரு. கல்யாணம்னதும் பொண்ணுக்கு எப்படிப் பொறுப்பு வந்துடுத்து!"

ஒன்பதரை மணிக்கு மணி அடித்தது. சுப்பராமன் வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரிசீவரை எடுத்தார். கடுகு, அப்பளம், அன்று புதிதாக மேளம்.

"ஹலோ! கல்யாணராமனா? கேக்கலை! உரக்கச் சொல்லுங்கோ! உரக்க! ஓய், உரக்கன்னா உரக்க!"

அந்தப் பக்கத்துக்கு வார்த்தைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் போயின. தொனி மட்டும் முழுசாகப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பெண்ணைப் பெற்றவர் பிள்ளையைப் பெற்றவர் மேல் கத்துகிறார் என்பது எந்த இரைச்சலிலும் விளங்கக்கூடிய விஷயம். கல்யாணராமன் வைத்துவிட்டார்.

ஜெயலக்ஷ்மி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, பழவந்தாங்கல்ல எறங்கினா நடக்கற தூரம். ஒரு எட்டுப் போய் நேர்ல கேட்டுண்டு வந்துடுங்கோளேன்."

"என்னடி பேசறே? போன் இல்லாதவன் போய் நிப்பான். ஆத்துல போனை வெச்சுண்டு, எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தொங்கிண்டு போய் 'என் பொண்ணைப் பிடிச்சிருக்கா'ன்னு கேக்கறதா? அப்பறம் அந்த போனுக்கு என்ன மரியாதை?"

"இங்கேர்ந்து நீங்களாவது கூப்பிடுங்கோளேன். திங்கக்கிழமை நன்னாத்தானே கேக்கறது?"

"பொண்ணாத்துக்காரா தானாக் கூப்பிட்டா எளப்பமாப் போயிடும். அதுவும் திங்கக்கிழமை!"

ஜெயலக்ஷ்மி அதற்கு மேல் வாதாடவில்லை. முப்பது வருஷமாக அவள் பேசியதெல்லாம் 'பார்க்கப்பட்டது' என்று திரும்பி வந்துகொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு சுப்பராமன் விசேஷ ஏற்பாடு செய்தார். இரைச்சல் நீங்கச் சந்தனத்தோடு பன்னீரும் கலக்க வேண்டும் என்றார். "எவ்வளவுப்பா?" என்று வசுமதி அடக்கமாகக் கேட்டாள். "பாட்டில் பூரா" என்றார். அவள் அப்பா சொல்லைத் தட்டாதவள். அன்று போனில் கடுகும் அப்பளமும் அடங்கிப்போய், குற்றாலம் கொட்டியது. சுப்பராமன் அந்த அருவிக்குள் நின்று தொண்டை கிழியக் கத்தினார். ஓய் என்றார். காது கேக்காதா என்றார். எதிர்முனையில் போன் ஓங்கி வைக்கப்பட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம், அசல் ராகு காலத்தில் மணி அடித்தது. வசுமதி காய்ச்சல் என்று லீவில் இருந்தாள். சுவரோரமாக உட்கார்ந்து மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு எதிர்முனையின் குரல்கூடக் கேட்டது. அவ்வளவு துல்லியம்.

"சுப்பராமனா? கல்யாணராமன்."

"அடடா, சொல்லுங்கோ, சொல்லுங்கோ! என்ன தெளிவாக் கேக்கறது, பாத்தேளா?"

"ஜெயராமுக்கு மேற்கு மாம்பலத்துல நிச்சயம் பண்ணிட்டோம். சொல்லிடறது மரியாதைன்னு கூப்பிட்டேன்."

சுப்பராமன் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"ரெண்டு வெள்ளிக்கிழமை உமக்கு போன் பண்ணேன். சம்மதம்னு சொல்லத்தான் பண்ணேன். நீர் என்னடான்னா எடுத்த எடுப்பிலேயே ஓய்ங்கறீர், காது கேக்காதாங்கறீர். பிள்ளையைப் பெத்தவனை அப்படிப் பேசி எங்க வம்சத்துல கேட்டதில்லை."

"நான் வையலை! லைன்ல இரைச்சல்..."

"என்ன இரைச்சல்? இப்போ நீர் எச்சல் முழுங்கறதுகூடக் கேக்கறதே!"

"அது வந்து... வெள்ளிக்கிழமைன்னா மட்டும்..."

"மாம்பலத்துக்காராத்துல போனே கெடையாது. மஞ்சத் தடவி ஒரு கார்டு போட்டேன். கெடைச்ச அன்னிக்கே தாம்பாளத்தோட வந்து நின்னா. மனுஷா!" கல்யாணராமன் பெருமூச்சு விட்டார். அதுவும் கேட்டது. "நல்ல சேதியா இருந்தா வெள்ளிக்கிழமை சொல்லியிருப்பேன். வெச்சுடறேன்."

சுப்பராமன் ரிசீவரை வைத்தார். மறுபடி எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். வைத்தார். ஜெயலக்ஷ்மி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"யாருன்னா? அவரா? என்ன சொன்னார்?"

"சம்பந்தம் போயிடுத்து" என்றார் சுப்பராமன். ஒரு நிமிஷம் முகம் சுருங்கி, வயதானவராகத் தெரிந்தார். பிறகு மெல்ல மெல்ல ஒரு பிரகாசம் வந்தது. "ஆனா ஜெயா, லைனைக் கேட்டியோ? ரேடியோல நியூஸ் வாசிக்கற மாதிரி! ஒரு கொரகொரப்பு உண்டா? நங்கநல்லூர்ல அவர் பெருமூச்சு விடறார், மயிலாப்பூர்ல எனக்கு விழறது! என் மனுவெல்லாம் வீண் போகலைடி!"

ஜெயலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வசுமதிக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் விட்டுவிட்டதை அம்மாவின் தோள் கவனித்திருக்கலாம். கவனித்தாலும் அது யாரிடமும் சொல்லவில்லை.

நன்றி மறப்பது நன்றன்று என்பது சுப்பராமனுக்குத் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை மூலவருக்குச் சந்தனக் காப்பு என்று அறிவித்தார். அடையாற்றிலிருந்து இன்னொரு ஜாதகம் வந்திருந்தது. அவர்களையும் வெள்ளிக்கிழமை காலையில் போன் பண்ணச் சொல்லியாயிற்று.

"எவ்வளவு அரைக்கட்டும்ப்பா?" என்றாள் வசுமதி.

"டப்பாவே கண்ணுக்குத் தெரியப்படாது."

வெள்ளிக்கிழமை டப்பா கண்ணுக்குத் தெரியவில்லை. வசுமதி கையைக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்குக் கிளம்பினாள். தெருவில் இறங்கியபோது பூஜை அறை ஜன்னலிலிருந்து, "ஹலோ! ஹலோ! ஓய், உரக்கப் பேசும் ஓய்!" என்று அப்பாவின் குரல் வந்துகொண்டிருந்தது.

பீர் முஹம்மதின் பூத் அருகே டில்லிபாபு சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, லைன் எப்டி கீது?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை ஆச்சே."

"அப்ப சரி. செவ்வாக்கெழம வரேன்னு அப்பாவாண்ட சொல்லிடு."

"சொல்லிடறேன்" என்று வசுமதி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.